சுவரில் மாட்டிய வேறொரு குடும்பம்

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜோனெட் சுத்தியலோடு வந்தாள். பத்து மணிக்குள் கூடத்துச் சுவரில் இருந்த பதினேழு படங்களும் கீழே இறங்கிவிட்டன. பட்டமளிப்பு அங்கி அணிந்த இரண்டு மகள்கள், மிசிசிப்பியிலிருந்து ரயிலேறி வந்து மில்வாக்கி நிலையத்தில் தொப்பியோடு நின்ற மாமனார், தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த கணவர், தேவாலயப் பாடகர் குழுவின் ஊதா அங்கிகள் என்று ஒவ்வொரு படமும் பழைய போர்வையில் சுற்றப்பட்டு அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. வீட்டுக்காரியான ஆர்லீன் கெய்ன்ஸ் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"படத்தை மட்டும் எடுத்தாப் போதுமா, இல்ல எங்களையும் சேர்த்து எடுக்கணுமா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் உங்களையும்தான், சிஸ்டர்," என்றாள் ஜோனெட், ஆணியைப் பிடுங்கிக்கொண்டே.

ஜோனெட் வீட்டுத் தரகர். கெய்ன்ஸ் தம்பதியர் செல்லும் அதே தேவாலயத்தைச் சேர்ந்தவள். அவர்களைப் போலவே கறுப்பினத்தவள். விற்பனைக்கு வரும் வீட்டை, பார்க்க வருகிறவர் கண்ணுக்கு ஏற்றபடி அலங்கரித்துக் கொடுப்பதற்கென்று தனிப் பயிற்சி பெற்றிருந்தாள். அதற்காக ஒரு கிடங்கு நிறைய சோபாக்களும் விளக்குகளும் தலையணைகளும் வைத்திருந்தாள். அவளைத் தேர்ந்தெடுத்தவர் ஆர்லீனின் கணவர் டெல்பர்ட். அவருடைய இரு முழங்கால்களும் மாடிப்படிக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டன. மின்தூக்கி உள்ள அடுக்குமாடி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த செங்கல் வீட்டை ஜூன் மாதத்துக்குள் விற்றாக வேண்டும்.

விற்பதில் ஆர்லீனுக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வாங்குகிறவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். அந்தத் தெருவில் ஏற்கெனவே மூன்று வீடுகளை வெளிமாநில நிறுவனம் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருந்தது. மூன்றிலும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. ஒன்றில் முன்வாசல் படி இடிந்து, இரண்டு குளிர்காலம் ஆகியும் சரிசெய்யப்படவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் பதிவுசெய்த குரல்தான் பதில் சொல்லும். ஆர்லீன் தெருச் சங்கத்தின் தலைவி. சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது, குப்பைத் தொட்டியை மூடாமல் விடக் கூடாது என்று தெருமுனையில் நிற்கும் பலகையை எழுதி வைத்தவரே அவர்தான். தன் வீடு நான்காவது வீடாக அந்த நிறுவனத்தின் கைக்குப் போவதை அவரால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

"கம்பெனிக்காரன் கோடி குடுத்தாலும் வேணாம். குடும்பம்தான் வேணும்," என்று ஜோனெட்டிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"குடும்பம் வரணும்னாதான் இதெல்லாம்," என்றாள் ஜோனெட் இப்போது. "போன வருஷம் ரெண்டு வீடு வித்தேன். ஒரே தெரு, ஒரே கொத்தனார் கட்டினது. ஒண்ணுல நம்ம ஆளுங்க படம் மாட்டியிருந்துச்சு, இன்னொண்ணுல எடுத்தாச்சு. பேங்க்குக்காக வீட்டு மதிப்புப் போட வந்தவன் ரெண்டுக்கும் ஒரே ஆள்தான். படம் இருந்த வீட்டுக்கு அவன் எவ்வளவு குறைச்சான்னு சொன்னா, மிச்ச ஆணியை நீங்களே புடுங்குவீங்க."

"அப்போ அவன் மேல கேஸ் போடு. எங்க மாமனாரை எதுக்குப் பெட்டியில போடற?"

"கேஸ் நாலு வருஷம் நடக்கும், சிஸ்டர். உங்க வீட்டுக்காரர் முட்டி நாலு வருஷம் படியேறுமா?"

டெல்பர்ட் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியும் அன்று மாலைக்குள் கிடங்குக்குப் போகவிருந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "நாப்பது வருஷம் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து இருந்தாச்சு, ஆர்லீன். ரெண்டு வாரம் ஒளிஞ்சுக்கிட்டா என்ன கொறைஞ்சு போயிடும்?"

"உங்க அப்பா ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருந்தா இந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டாரு," என்றார் ஆர்லீன். அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருப்பதையே அவர் சம்மதமாகக் கொடுத்தார். தவறு அங்கேதான் தொடங்கியது.

கறுப்பினத்தார் வீடு என்று காட்டிக்கொடுக்கும் பொருள்களைப் பற்றிய ஜோனெட்டின் பட்டியல் நீளமானது. குளியலறையிலிருந்து தலைமுடிக்குத் தேய்க்கும் எண்ணெய் டப்பாக்களும், சூடு காட்டிச் சுருள்முடியை நேராக்கும் இரும்புச் சீப்பும் வெளியேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள் பதினொன்றும் அலமாரியிலிருந்து காணாமல் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கக் கூடாது. புகையூட்டிய வான்கோழிக் கழுத்தைப் போட்டுக் கீரை வேகவைப்பது வீடு விற்கும்வரை கிடையாது. அந்த வாசனை திரையில் மூன்று நாள் தங்கும் என்றாள். பைபிள் இருக்கலாம், ஆனால் உள்ளட்டையில் குடும்பத்தாரின் பிறந்த நாள்களை எழுதிவைத்த அந்தப் பைபிள் இருக்கக் கூடாது.

வெறுமையாகிப்போன சுவரைப் பார்த்துவிட்டு, வெற்றுச் சுவர் ஏழ்மையாகத் தெரியும் என்று சொல்லித் தன் வண்டியிலிருந்து ஐந்து சட்டங்களைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் ஒரே குடும்பம் இருந்தது. பொன்னிற முடியுள்ள தாய், சட்டைக் கையை மடித்துவிட்ட தந்தை, கடற்கரையில் ஓடும் இரண்டு வெள்ளைக் குழந்தைகள்.

"யாரு வீட்டுப் பிள்ளைங்க இதுங்க?" என்று ஆர்லீன் கேட்டார்.

"யாரு வீட்டுப் பிள்ளைங்களும் இல்ல. படம் விக்கற எடத்துல வாங்கினது. அலங்காரத்துக்கு. இவங்கதான் வீட்டுக்காரங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லப் போறதில்ல."

"நீ சொல்ல வேணாம். சுவரே சொல்லிடும்."

அடுத்த ஐந்து நாள்கள் கெய்ன்ஸ் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளைப் போல நடமாடினர். ஆறு பேருக்குப் பரப்பி வைத்த மேசையில் யாரும் சாப்பிடக் கூடாது. நாடா கட்டிய வெள்ளைத் துண்டுகளில் யாரும் கை துடைக்கக் கூடாது. டெல்பர்ட் சட்டையில் துடைத்துக்கொண்டார். கட்டிலில் எட்டுத் தலையணைகள் கிடந்தன. படுக்கும் முன் எட்டையும் தரையில் அடுக்கி, எழுந்ததும் அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. அந்த நாள்களில் ஆர்லீன் கணவரோடு பேசிய சொற்கள் மிகச் சில. அவற்றில் பெரும்பாலானவை தலையணையைப் பற்றியவை.

ஞாயிறு மதியம், வீடு பார்க்க வருகிறவர்களுக்காக ஜோனெட் கதவைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், அவர்கள் காரில் ஏறி ஐஸ்கிரீம் கடை வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது ஜோனெட் மகிழ்ச்சியோடு இருந்தாள். முப்பது பேருக்கு மேல் வந்துபோனதாகவும், கறுப்பர், வெள்ளையர் இரு சாராரும் இருந்ததாகவும், வண்ணக் கண்ணாடிச் சன்னலையும் பின்புறத்து மேப்பிள் மரத்தையும் எல்லாரும் மெச்சியதாகவும் சொன்னாள்.

புதன்கிழமைக்குள் இரண்டு பேர் விலை கேட்டு எழுதியிருந்தனர். இருவர் சொன்ன தொகையும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்த ஊரில் வாங்க விரும்புகிறவர்கள் விலையோடு ஒரு கடிதமும் வைப்பது வழக்கம். தாங்கள் யார், வீடு ஏன் பிடித்தது என்று விற்கிறவரின் மனம் இளகும்படி எழுதுவார்கள். குடும்பப் படமும் இணைப்பார்கள். ஜோனெட் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தாள்.

முதல் கடிதம் இரண்டு பக்கம். வண்ணப்படம் ஒன்றும் இருந்தது: கட்டம் போட்ட சட்டை அணிந்த இளைஞன், அவன் மனைவி, மடியில் ஒரு குழந்தை, காலடியில் பழுப்பு நாய். எல்லாரும் வெள்ளையர். மேப்பிள் மரத்தைப் பார்த்ததுமே மகன் ஊஞ்சல் கேட்டானாம். முதுமையடையும்வரை இந்த வீட்டைவிட்டு நகரப் போவதில்லையாம். எழுத்துப்பிழைகள் இரண்டு இருந்தன. அவற்றை ஆர்லீன் மனிதக் கை பட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கடிதம் ஐந்தே வரி. பெட்டிஸ் என்ற குடும்பப்பெயருள்ள கணவனும் மனைவியும் கையொப்பமிட்டிருந்தனர். வீடு தங்களுக்குப் பொருத்தமாக உள்ளது, வங்கியின் ஒப்புதல் உள்ளது, உள்ளவாறே ஏற்றுக்கொள்கிறோம், தங்கள் வசதிப்படி காலி செய்யலாம், தங்கள் பரிசீலனைக்கு நன்றி. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. படமும் இல்லை.

"இது மனுசங்க எழுதின மாதிரியே இல்லையே. கம்பெனிக்காரன் எழுதினது," என்றார் ஆர்லீன்.

"அப்படிச் சொல்ல முடியாது, சிஸ்டர். வேணும்னா அவங்க தரகரைக் கேட்டுப் பார்க்கறேன்."

"என்ன கேப்ப? குடும்பம் இருக்கான்னா? இருந்தா ஒரு படம் வெக்க மாட்டாங்களா? மறைக்கறவனுக்குத்தான் படம் இருக்காது."

அதைச் சொன்ன நேரத்தில் அவர் பின்னால் இருந்த சுவரில் யாரோ பெற்ற குழந்தைகள் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. படம் இருந்த கடிதத்தின் பக்கம் விரலை வைத்தார். டெல்பர்ட் இதோடு விட்டது என்பதுபோல் பேனாவை எடுத்தார். வாங்குகிறவரும் விற்கிறவரும் தனித்தனி நாளில் கையெழுத்திடும் வழக்கப்படி, அந்த இளைஞனை அவர்கள் நேரில் பார்க்கவே இல்லை.

ஆகஸ்டு மாதம் பழைய தெரு வழியாகச் சென்ற ஆர்லீன், தம் வீட்டின் முன்சன்னலில் 'வாடகைக்கு' என்ற பலகையைக் கண்டார். அதே நிறுவனம், அதே தொலைபேசி எண். மேப்பிள் மரத்தில் ஊஞ்சல் இல்லை. அங்கேயே நின்று ஜோனெட்டைக் கூப்பிட்டார்.

ஜோனெட் அன்று மாலை விவரம் அறிந்து சொன்னாள். கையெழுத்துப் போட்டவன் உண்மையான ஆள்தான். ஆனால் நிறுவனத்துக்காக வாங்கிக் கைமாற்றிக் கொடுப்பது அவன் தொழில். கடிதத்தில் சொன்ன வாக்கு பத்திரத்தில் இல்லாததால் யாரையும் கேட்க முடியாது.

"அப்போ அந்தப் பொண்டாட்டி, புள்ள, நாய்?"

"நான் படம் வாங்கற எடத்துலதான் அவனும் வாங்கியிருப்பான்," என்றாள் ஜோனெட்.

புதிய தலைவியைத் தேர்ந்தெடுக்கும்வரை தெருச் சங்கக் கூட்டத்தை ஆர்லீனே நடத்தித் தர வேண்டுமென்று அண்டை வீட்டார் கேட்டிருந்தனர். அக்டோபர் மாதக் கூட்டம் நூலகத்தின் சிறிய அறையில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். டெல்பர்ட் காப்பிக் குடுவையின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆர்லீன் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குறைகளைக் கேட்டார்.

மருத்துவமனைச் சீருடையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். கறுப்பினத்தவள்; முப்பது வயதிருக்கும். பெயர் ரோவீனா என்றும், தெருவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றும் சொன்னாள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்துக்கொண்டதால் நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறதாம். நிறுவனத்தை ஒன்பது முறை அழைத்தும் ஆள் வரவில்லையாம். வீட்டு எண்ணைச் சொன்னாள்.

அது ஆர்லீனின் வீடு. டெல்பர்ட் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஏணி போட்டு அந்தக் குழாயைத் துப்புரவு செய்வார். முட்டி போன பிறகும் ஆள் பிடித்துச் செய்வித்தார். அறையில் இருந்த பலரும் அவரைத் திரும்பிப் பார்த்தனர்.

"வீட்டு மேல கோபம் இல்ல எனக்கு," என்றாள் ரோவீனா. "வித்தவங்க மேலதான் கோபம். நாங்க அதை வாங்கத்தான் வந்தோம். விலையெல்லாம் சரியாத்தான் சொன்னோம். குடுக்கல. எங்களைத் தள்ளிட்டு கம்பெனிக்குக் குடுத்தாங்க. இப்போ அதே வீட்டுக்கு அதே கம்பெனிகிட்ட வாடகை குடுத்துட்டு நிக்கறோம்."

ஆர்லீன் பேனாவைக் கீழே வைத்தார். அவள் முழுப் பெயரைக் கேட்டார்.

"ரோவீனா பெட்டிஸ்."

"கடிதம் அஞ்சு வரிதானே எழுதியிருந்தீங்க?"

அந்தக் கேள்வியில் இருந்த விசித்திரத்தை அவள் கவனிக்கவில்லை. அவ்வளவு கோபத்தில் இருந்தாள். "முதல்ல ரெண்டு பக்கம் எழுதினோம். எங்க பெரியவ அவ கையாலயே எழுதினா, மேல் ரூம்ல சன்னல் பக்கம் என் கட்டில்னு. படமும் வெச்சிருந்தோம். ஆனா வீடு பார்க்க வந்தப்போ சுவர் பூரா வெள்ளைக்காரங்க படம். நம்ம மூஞ்சியைப் பார்த்தா இவங்க தருவாங்களான்னு எங்க தரகரே கேட்டாரு. பேரை வெச்சு நாம யாருன்னு தெரியாது. படத்தை வெச்சாதான் தெரியும்னாரு. படத்தை எடுத்தோம். எழுதினதுல நம்ம சர்ச் பேரு இருந்துச்சு, பேச்சு நம்ம பேச்சா இருந்துச்சு. அதையும் நானே கிழிச்சேன். ஆபீஸ் கடிதம் மாதிரி அஞ்சு வரி அடிச்சு அனுப்பினோம். அப்படியும் மோப்பம் புடிச்சிட்டாங்க பாருங்க, அந்த வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும்."

டெல்பர்ட் நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்றார். நேரமாகிவிட்டது, கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார்.

"உட்காருங்க, டெல்பர்ட்," என்றார் ஆர்லீன். பிறகு அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தார். "அந்த வீட்டுக்காரி நான்தாம்மா."

ரோவீனா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினாள். "அப்போ சுவர்ல இருந்தவங்க?"

"தரகர் அலங்காரத்துக்கு மாட்டினது. எங்க படமெல்லாம் பெட்டியில இருந்துச்சு. எங்க மூஞ்சியைப் பார்த்தா விலை குறையும்னு கழட்டி வெச்சோம். உங்க கடிதத்துல படம் இல்லாததைப் பார்த்துட்டு, கம்பெனின்னு தள்ளினது நான்தான். என் வீட்டுக்காரர் இல்ல, தரகர் இல்ல. நான்."

ரோவீனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் கோபம் குறைந்திருக்கவில்லை. "நல்லா இருக்கு. விலையைக் குறைக்கறவனுக்குப் பயந்து நீங்க மூஞ்சியை மறைச்சீங்க. உங்களுக்குப் பயந்து நாங்க மறைச்சோம். மூஞ்சியே இல்லாதவன் வந்து வீட்டை எடுத்துட்டுப் போயிட்டான்."

ஆர்லீன் அதை மறுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் தண்ணீர் நிற்கும்போது அந்தச் சொல்லால் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். நகராட்சிக் கட்டட அதிகாரியிடம் காலையில் தானே நேரில் போய்ப் புகார் கொடுப்பதாகச் சொன்னார். பிறகு எழுந்து நின்று அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இந்தத் தெருவுல அடுத்து வீடு விக்கப் போறவங்க கேட்டுக்கங்க. தரையைத் தேய்ங்க, பெயிண்ட் அடிங்க, புல்லை வெட்டுங்க. அது வீட்டைக் காட்டறது. உங்க மூஞ்சியை மட்டும் சுவர்ல இருந்து எறக்காதீங்க. அது உங்களை இல்லாம ஆக்கறது. விலையைக் குறைக்கறவன் குறைக்கட்டும், அவன்கிட்ட நின்னு சண்டை போடுவோம். ஆனா நாமளே ஒளிஞ்சுக்கிட்டா, அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நம்ம வாசலைத் தேடி வர்ற நம்ம ஆளுங்களுக்குத்தான் கதவு மூடிப் போகும்."

சிலர் தலையசைத்தனர். ரோவீனா அசைக்கவில்லை. மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதவருகே நின்று திரும்பினாள்.

"இதை மே மாசமே சொல்லியிருக்கலாம் நீங்க."

"ஆமா," என்றார் ஆர்லீன். உட்கார்ந்து, தேதியும் அவள் பெயரும் போட்டு, அந்த வாக்கியத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.